ரேடியோவுல நான் வாசிக்காத பக்கம்

மூணு வருஷம் ஒரு ரேடியோவுல தமிழ் எழுத்தாளர்களப் பேட்டி எடுத்தேன். அந்த மூணு வருஷமும் எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

நம்ப மாட்டீங்க. வேற யாராவது சொல்லியிருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன். வாயத் தொறந்தா தமிழ் கொட்டும் எனக்கு. அப்பா மிலிட்டரி ஆபீஸ் வேலைக்காக வேலூர்ல இருந்து புனேவுக்கு வந்தவரு. நான் பொறந்து வளந்து கான்வென்ட்ல படிச்சது எல்லாம் புனேவுல கேம்ப்னு சொல்ற ஏரியாவுல. வீட்டுல தமிழ், தெருவுல இந்தி, ஸ்கூல்ல இங்கிலீஷும் மராத்தியும். தமிழ் எழுத்த சொல்லிக் குடுக்கணும்னு வீட்டுல யாருக்கும் தோணல. கத்துக்கணும்னு எனக்கும் தோணல. லீவுக்கு வேலூர் போனா பஸ் போர்ட எழுத்துக்கூட்டிப் படிப்பேன். படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ் கெளம்பிடும். அவ்ளோதான் என் படிப்பு.

ஒரு காலேஜோட மேல் மாடியில சின்னதா ஒரு சமூக வானொலி. ஞாயித்துக்கிழம காலையில பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் தமிழுக்குன்னு ஒதுக்கியிருந்தாங்க. நல்லாத் தமிழ் பேசற ஆள் வேணும்னு கேட்டாங்க, நான் போயி பேசிக் காட்டினேன், எடுத்துக்கிட்டாங்க. படிக்க வருமான்னு ஒருத்தரும் கேக்கல. நானும் வாயத் தொறக்கல. வாயத் தொறக்காம இருந்தது என் வாழ்க்கையிலயே அந்த ஒரு தடவதான்னு என் வீட்டுக்காரர் சொல்லுவாரு.

அந்த நிகழ்ச்சிக்கு வர்றவங்க எல்லாம் புத்தகம் எழுதினவங்க. ஒருத்தர் கோட்டைங்களப் பத்தி எழுதியிருப்பாரு, ஒருத்தர் வேலைக்காகக் குடிபெயர்ந்து வந்தவங்களப் பத்தி, இன்னொருத்தர் ஏரி, கொக்கு, மரம்னு. நான் சும்மா தலையாட்டற ஆள் இல்ல. மடக்கி மடக்கிக் கேள்வி கேப்பேன். "எவ்வளவு ஆழமாப் படிச்சிருக்கீங்கம்மா"ன்னு போகும்போது கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போவாங்க. நானும் கூச்சப்படற மாதிரி ஒரு சிரிப்பு சிரிப்பேன். அந்த சிரிப்ப இப்போ நெனச்சா எனக்கே என்ன ஒரு அறை விடணும் போல இருக்கு.

எப்படி ஓட்டினேன்னா, புத்தகத்த என் வீட்டுக்காரர் படிப்பாரு. அவரு திருநெல்வேலிக்காரர், ஹடப்சர்ல ஐ.டி. கம்பெனியில வேலை. ஆபீஸ் பஸ்ஸுல போகும்போதும் வரும்போதும் படிச்சுட்டு, சாயங்காலம் நான் சப்பாத்தி இடும்போது பக்கத்துல நின்னு கதையச் சொல்லுவாரு. "ஏட்டி, இன்னிக்கு நூறு பக்கம் முடிச்சாச்சு, எனக்கு ரெண்டு சப்பாத்தி கூடப் போடு"ம்பாரு. மீதிக்கு எழுத்தாளர்கள் கைகுடுப்பாங்க. பேட்டிக்கு வர்ற முக்கால்வாசிப் பேரு தன்கிட்ட என்னென்ன கேக்கணும்னு அவங்களே எழுதி அனுப்பிடுவாங்க. அதையும் வீட்டுக்காரரப் படிக்கச் சொல்லி, என் நோட்டுல மராத்தி எழுத்துல தமிழ எழுதிப்பேன். ஸ்டுடியோவுல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து மிஷினப் பாத்துக்கற மராத்திக்காரம்மா ஒருநாள் என் நோட்ட எடுத்துப் படிச்சுப் பாத்துட்டு, எல்லா எழுத்தும் தெரியுது, ஒரு வார்த்தையும் புரியலையேன்னு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. என் கஷ்டம் அதுக்கு நேர் எதிர்னு அவங்களுக்கு எங்க தெரியப் போகுது.

நடுவுல ரெண்டு மூணு தடவ மாட்டிக்கப் பாத்தேன். ஒரு எழுத்தாளர் திடீர்னு புத்தகத்த நீட்டி, "இந்த ஒரு பத்தியப் படிங்களேன்"னாரு. "உங்க குரல்ல கேட்டாத்தான் ஐயா நல்லா இருக்கும்"னு திருப்பிக் குடுத்துட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு தடவ நாலு வரி தானேன்னு கதைய வெச்சு நானே சொந்தமா அடிச்சு விட்டேன். எழுதின அம்மா போன்ல இருந்தாங்க, அவங்களுக்கே வித்தியாசம் தெரியல. அன்னிக்கே நான் பயந்திருக்கணும். எனக்குத் திமிருதான் ஏறுச்சு.

போன வருஷம் மழைக்காலம் முடியற சமயம், எழுபது தாண்டின ஒரு பெரியவர் வந்தாரு. கசார்வாடியில ஒரு பட்டறையில முப்பது வருஷத்துக்கு மேல லேத் மிஷின்ல நின்னவரு. தர்மபுரிப் பக்கத்துல இருந்து வாலிப வயசுல வந்து சேந்தவரு. பவனா ஆத்துக்கு வர்ற பறவைங்க, ஆத்தோரம் மொளச்ச பட்டறைங்க, அங்க வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க, எல்லாத்தையும் சேத்து ஒரு புத்தகம் எழுதியிருந்தாரு. ஊர்ப்பக்கம் ஒரு அச்சகத்துல குடுத்து சொந்தமாப் போட்டது. அட்டையில ஒரு மீன்கொத்தி.

அந்த வாரம் பாத்து என் வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையா பத்து நாள் பெங்களூரு போயிட்டாரு. போறதுக்கு முன்னாடி பாதிப் புத்தகம் படிச்சு, கிரேன் மேல உக்காந்திருக்கற ஒரு மீன்கொத்தியப் பத்தி ரொம்ப நல்லாச் சொன்னாரு. "மீதிய நான் போன்ல சொல்லுதேன், போட்டோ எடுத்து அனுப்பு"ன்னாரு. நான் அனுப்பல. சோம்பேறித்தனம், வேற என்ன. பாதி போதும், மீதிய வாயால சமாளிச்சுடலாம்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கிழம ஒன்பதரைக்கே வந்து உக்காந்துட்டாரு. வெள்ளச் சட்ட, தடிமனான கண்ணாடி. ஒலிபரப்பு ஆரம்பிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது புத்தகத்த எடுத்து என் முன்னாடி வெச்சாரு. ஒரு பக்கத்துல காலண்டர் தாளக் கிழிச்சு அடையாளம் வெச்சிருந்தாரு.

"அம்மா, நான் இங்க வந்ததே இந்த ஒரு பக்கத்துக்காகத்தான். இத நீங்க ரேடியோவுல படிக்கணும். எனக்கு சர்க்கரையில கண்ணு போயிடுச்சு. அட்டையில இருக்கற படம்கூட மங்கலாத்தான் தெரியுது."

"நீங்களே வாயால சொல்லிடலாமே ஐயா"ன்னேன். என் பழைய வித்த.

"அது முடியாதும்மா." அந்தக் காலண்டர் தாள வெரலால தடவினாரு. "இதுல இருக்கறது ஒருத்தன்கிட்ட நான் சொல்ல வேண்டியது. என்கூடவே ஊர்ல இருந்து வந்தவன். இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு அவன் என்கூடப் பேசி. நாலு தடவ அவன் வாசல் வரைக்கும் போயிட்டு வாய் வராமத் திரும்பிட்டேன். எழுத மட்டும்தான் முடிஞ்சுது. அவனுக்கு எழுத்து தெரியாது, கேக்கத்தான் முடியும். அவன் மககிட்ட சொல்லிவிட்டிருக்கேன், இன்னிக்கு ரேடியோ போட்டு வைன்னு. போட்டிருப்பான். எனக்குத் தெரியும், போட்டிருப்பான்."

அப்போ சொல்லியிருக்கலாம். அஞ்சு நிமிஷம் இருந்துச்சு. "ஐயா, எனக்குப் படிக்கத் தெரியாது"ன்னு நாலு வார்த்த. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அவரப் படிக்கச் சொல்லி, அந்தக் குரலயே ஒலிபரப்பியிருக்கலாம். இதெல்லாம் எனக்கு அப்பவே தோணுச்சு. தோணலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த மராத்திக்காரம்மா கட்டை வெரலத் தூக்கிக் காட்டினாங்க, என் பேரு ஸ்பீக்கர்ல வந்துச்சு, நான் ஒரு பெரிய மனுஷி மாதிரி "வணக்கம் நேயர்களே"ன்னுட்டேன்.

அரை மணி நேரம் பறவை, ஆறு, பட்டறைன்னு நல்லாத்தான் போச்சு. பெரியவரு பேச்சு கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. அவரு அந்தப் பக்கத்துக்காகக் காத்துட்டு இருக்காருன்னு எனக்குத் தெரியும். கடைசியில நானே, "ஐயாவோட புத்தகத்துல இருந்து ஒரு பக்கம்"னு சொல்லிட்டு, மைக்குல கேக்கற மாதிரி தாள சரசரன்னு திருப்பினேன்.

பக்கம் முழுக்க ஒரே பத்தி. நெருக்கி நெருக்கி அச்சடிச்சிருந்தாங்க. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுச்சு. முழி பிதுங்கி எப்படியோ மொதல் மூணு வார்த்தையக் கூட்டிட்டேன். "அன்று நான் வாசித்தது." அதுக்கு மேல போனா மைக்குல மௌனம் விழுந்துடும். ரேடியோவுல மூணு செகண்டு மௌனம் இருந்தா நிலையமே செத்துப்போன மாதிரி. அதனால நான் ஆரம்பிச்சேன்.

"அன்று நான் வாசித்தது நதியின் முகத்தை. பவனாவின் மேல் நீண்டிருந்த கிரேனின் கையில் ஒரு மீன்கொத்தி அமர்ந்திருந்தது. அதற்கு இரும்பும் ஒன்றுதான், மரக்கிளையும் ஒன்றுதான். எங்களுக்கும் அப்படித்தான் ஆகிப்போனது..."

மூணு வருஷமா எழுத்தாளர்கள் பேசறதக் கேட்டுக் கேட்டு அந்த நடை எனக்குத் தண்ணி பட்ட பாடு. ரெண்டு நிமிஷம் ஓட்டினேன். முடிக்கும்போது குரல லேசாத் தழுதழுக்க வேற வெச்சேன். சீ! எழுதும்போதே உடம்பு கூசுது.

நிமிந்து பாத்தா, பெரியவரு என்னையே பாத்துட்டு இருந்தாரு. பார்வ இல்லாத கண்ணுதான், ஆனாலும் பாத்துட்டு இருந்தாரு. அப்புறம், "நல்லா இருந்துச்சும்மா"ன்னாரு. அதுக்கப்புறம் நான் கேட்டதுக்கெல்லாம் ஆமா, இல்லன்னு மட்டும் பதில் சொன்னாரு. ஹடப்சர்ல இருந்து ஒரு அம்மா போன் பண்ணி, அந்தப் பக்கத்தக் கேட்டு அழுகையே வந்துடுச்சுன்னாங்க. நான் நன்றி சொன்னேன். எழுதினது நான்தானே!

ஒலிபரப்பு முடிஞ்சு செவப்பு விளக்கு அணைஞ்சதும் அவரு மெதுவாக் கேட்டாரு. "ஏம்மா, அது ரேடியோவுல படிக்கக் கூடாத பக்கமா?"

அவரு கேட்டது எனக்கு மொதல்ல புரியல. அப்புறம்தான் புரிஞ்சுது. நான் அதப் படிச்சுப் பாத்துட்டு, இத ஊருக்கு முன்னாடி சொல்றதுக்கில்லன்னு நானே முடிவு பண்ணி மாத்திட்டேன்னு நெனச்சுட்டாரு. அவரே எனக்குத் தப்பிக்க ஒரு வழி காட்டிட்டாரு. நான் அந்த வழியில பாஞ்சு ஓடினேன்.

"ஆமா ஐயா. எங்களுக்கு ரூல்ஸ் இருக்கு. இந்த மாதிரி விஷயமெல்லாம் ஒலிபரப்ப முடியாது. தப்பா நெனச்சுக்காதீங்க."

"இல்லம்மா, நான் என்ன தப்பா நெனைக்கறது." புத்தகத்தத் தடவி எடுத்தாரு. அப்புறம் என்ன நெனச்சாரோ, திரும்ப என் கையிலயே வெச்சாரு. "எழுதும்போதே எனக்குத் தெரியும், வெளிய சொல்லக் கூடாத அசிங்கம்தான். எழுதிட்டா அசிங்கம் கொறஞ்சுடும்னு நெனச்சுட்டேன்." சுவத்தப் பிடிச்சுட்டே படி இறங்கிப் போனாரு. பஸ் ஸ்டாப் வரைக்கும்கூட நான் போயி விடல.

செவ்வாக்கிழம நான் வேலை பாக்கற ஆபீஸ்ல இருக்கும்போது ஒரு போன். இளம்பொண்ணு குரல், தடுக்கித் தடுக்கித் தமிழ் பேசுச்சு. அந்த சிநேகிதரோட மக. ரேடியோ நிலையத்துல கேட்டு என் நம்பர் வாங்கியிருக்கா.

"மேடம், அந்த ப்ரோக்ராம்ல எங்கப்பா பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா? நாங்க லகாயா... போட்டதே அஞ்சு நிமிஷம் லேட் ஆயிடுச்சு. அந்த அஞ்சு நிமிஷத்துலதான் சொல்லியிருப்பாங்கன்னு அப்பா ரெண்டு நாளா என்னத் திட்டிட்டே இருக்காரு. அவரு காலையிலயே குளிச்சு, சட்டயெல்லாம் மாத்திட்டு உக்காந்திருந்தாரு மேடம். ரெக்கார்டிங் இருந்தா அனுப்புங்க ப்ளீஸ்."

ரெக்கார்டிங் இருந்துச்சு. "பாத்து சொல்றேம்மா"ன்னு வெச்சுட்டேன். அந்தப் பொண்ணு பாவம், செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குதுன்னு தெரிஞ்சும் வெச்சுட்டேன்.

அடுத்த நாள் வீட்டுக்காரர் ஊர்ல இருந்து வந்தாரு. பெட்டியக்கூட உள்ள வைக்க விடல. அந்தப் பக்கத்த எடுத்து நீட்டி, "படிங்க"ன்னேன். அவரு நின்னுக்கிட்டே படிச்சாரு.

"அன்று நான் வாசித்தது காகிதத்தில் இருந்ததை அல்ல."

அந்தப் பட்டறையில இருந்த தமிழ் ஆளுங்கள்ல எழுத்து தெரிஞ்சது இவரு ஒருத்தருக்குத்தான். எல்லாருக்கும் ஊர்க் கடுதாசியப் படிச்சுச் சொல்றது, ஃபாரம் எழுதிக் குடுக்கறது, எல்லாம் இவருதான். முதலாளி ஆளக் கொறைக்க நெனச்சப்போ ஒரு காகிதத்தக் குடுத்து, உன் ஆளுங்களுக்குப் படிச்சுச் சொல்லிக் கைநாட்டு வாங்கிக் குடு, உன் வேலை போகாம நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. ரெண்டு மாசம் பட்டறை மூடியிருக்கும், அப்புறம் கூப்பிடுவாங்கன்னு இவரு படிச்சுக் காட்டியிருக்காரு. காகிதத்துல இருந்தது, நானே விருப்பப்பட்டு வேலைய விட்டுப் போறேன்னு. "தெரிந்தேதான் வாசித்தேன். அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கைநாட்டு வைத்தான். பிறகு வந்து கேட்டபோது எனக்கும் சரியாகப் புரியவில்லை என்றேன். எனக்கு நன்றாகப் புரிந்தது."

வீட்டுக்காரர் படிச்சு முடிச்சுட்டு நிமிந்தாரு. "இத எப்படிட்டி ரேடியோவுல படிச்ச?"

நான் நடந்தது எல்லாத்தையும் சொன்னேன். அவரு எப்பவும் என்னக் கிண்டல் பண்ணிட்டே இருக்கற ஆளு. அன்னிக்குப் பெட்டிய எடுத்துட்டு உள்ள போயிட்டாரு. ரெண்டு வார்த்த திட்டியிருந்தாக்கூடத் தேவலன்னு இருந்துச்சு.

படிக்கத் தெரியாதவன் முன்னாடி இல்லாதத வாசிச்சேன்னு ஒரு மனுஷன் இருவது வருஷம் வெந்து, கண்ணு போறதுக்குள்ள எழுதி வெச்சா, அதையும் நான் இல்லாதத வாசிச்சு மூடிட்டேன். அவருக்காவது வேல போயிடுமேன்னு பயம் இருந்துச்சு. எனக்கு என்ன போயிருக்கும்? ஞாயித்துக்கிழம ஒரு மணி நேரப் பெருமை. அதுக்காக ரெண்டு கெழவங்கள ஏமாத்தியிருக்கேன். நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

இவ்வளவு சொல்றேனே, உடனே ஓடினேனான்னா, அதுவும் இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமையும் போயி மைக் முன்னாடி உக்காந்தேன், கோட்டைங்களப் பத்தி எழுதினவர்கிட்ட மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டேன். அவரும் ஆழமாப் படிச்சிருக்கீங்கன்னு கும்பிட்டாரு. அன்னிக்கு என்னால சிரிக்க முடியல. அந்த வாரம் முழுக்க பக்கத்தப் பிரிச்சு வெச்சு எழுத்துக் கூட்டிட்டே இருந்தேன். வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து திருத்தினாரு. சனிக்கிழம காலையில பஸ் ஏறி கசார்வாடி போனேன்.

பழைய மும்பை ரோட்ட ஒட்டி, ஒரு வெல்டிங் கடைக்கு மேல அவரு மகன் வீடு. பெரியவரு மட்டும்தான் இருந்தாரு. என் குரலக் கேட்டதும் எந்திரிச்சு நின்னாரு. அந்த மரியாதையத் தாங்க முடியாம, உக்காரக்கூட செய்யாம மடமடன்னு சொல்லி முடிச்சேன்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியாது ஐயா."

"ரேடியோவுல புத்தகத்தப் பத்திப் பேசறீங்க. படிக்கத் தெரியாதா?"

"தெரியாது."

"அப்போ," என் பக்கமா ஒரு அடி வெச்சாரு, "அது அசிங்கம்னு நீங்க விட்டுடலையா? நீங்க அதப் படிக்கவே இல்லையா?"

கோவப்படுவாரு, வெளிய போன்னு சொல்லுவாருன்னு எதிர்பாத்துட்டுப் போனேன். அந்த மனுஷன் மூஞ்சியில அப்படி ஒரு நிம்மதி. பதிமூணு நாளா, தான் செஞ்சது ரேடியோவுலகூடச் சொல்ல லாயக்கில்லாத பாவம்னு நெனச்சுட்டு இருந்திருக்காரு. என் திருட்டுத்தனம் வெளிய வந்ததுல அவருக்கு உயிர் வந்துச்சு. எனக்குத்தான் அங்கயே தரை பொளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

"வாங்க"ன்னு செருப்பத் தேடினாரு. "அவன் வீடு ரெண்டு சந்து தள்ளித்தான். நீங்க வந்து வாசிங்க."

"என் வீட்டுக்காரர வரச் சொல்றேன் ஐயா. அவரு நல்லாப் படிப்பாரு."

"வேண்டாம். ரேடியோவுல அவன் கேட்டது உங்க குரல். நீங்கதான் வாசிக்கணும். தப்பும் தவறுமா இருந்தாலும் பரவால்ல."

கதவத் தொறந்தது போன் பண்ணின அந்தப் பொண்ணு. ரேடியோ மேடம்னு சொன்னதும் உள்ள கூட்டிட்டுப் போனா. அவ அப்பா கட்டில்ல உக்காந்திருந்தாரு. ஒல்லியான மனுஷன், காதுல மட்டும் ஒரு கூர்மை தெரிஞ்சுது. சிநேகிதரப் பாத்தாரு, வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. பெரியவரு கதவோரமாவே உக்காந்துட்டாரு. "அந்தப் பக்கத்தக் கேளு. அவ்ளோதான் வேணும்"னு மட்டும் சொன்னாரு.

நான் வாசிச்சேன். ஒவ்வொரு வார்த்தையா, வெரல வெச்சு, சில எடத்துல திரும்ப ஆரம்பிச்சு. ஒரு பக்கம் முடிக்க அரை மணி நேரம் ஆச்சு. கட்டில்ல இருந்தவரு கண்ண மூடிக் கேட்டுட்டு இருந்தாரு. கைநாட்டு வெச்ச வரி வந்தப்போ அவரு வலது கை கட்டை வெரல் மட்டும் லேசா அசஞ்சுது.

முடிச்சதும் கண்ணத் தொறந்து என்னப் பாத்துக் கேட்டாரு. "ரேடியோவுல வாசிச்சது நீதானம்மா?"

"ஆமாங்கய்யா."

"அன்னிக்கு இவன் புத்தகம்னு சொல்லித்தானே ஆறு, மீன்கொத்தின்னு வாசிச்ச?"

"ஆமாங்கய்யா. அது பொய். எனக்குப் படிக்கத் தெரியாம நானே சொன்னது."

"இன்னிக்கு இத வாசிக்கற." ரொம்ப அமைதியாத்தான் பேசினாரு. "இதுல எது அந்தத் தாள்ல இருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

சாமி சத்தியமான்னு சொல்லலாமான்னு தோணுச்சு, என் சத்தியத்துக்கு அங்க என்ன மதிப்பு? மகளப் பாத்தேன். அவ இல்லன்னு தலைய ஆட்டினா. அவளுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. அந்த வீட்டுல தமிழ் எழுத்து தெரிஞ்ச ஒரே ஆளு கதவோரம் உக்காந்திருக்கற பெரியவருதான். அவருக்குக் கண்ணு இல்ல. கண்ணு இருந்தாலும் அவரு வாசிச்சா யாரு நம்பறது?

அவ அப்பா எந்திரிச்சு என் கையில இருந்து புத்தகத்த வாங்கினாரு, அந்தப் பக்கம் தவறிடாம நடுவுல வெரல வெச்சாரு. "இங்கயே இருங்க"ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு.

நானும் பெரியவரும் அங்கயே உக்காந்திருந்தோம். அந்தப் பொண்ணு தண்ணி கொண்டு வந்து வெச்சா, நான் எடுத்துக் குடிக்கல. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்த மாதிரி இருந்துச்சு.

திரும்பி வந்தப்போ அவருக்கு மூச்சு வாங்குச்சு. கட்டில்ல உக்காந்து, எனக்குத்தான் மொதல்ல பதில் சொன்னாரு.

"ரெண்டு பேருகிட்டக் குடுத்துக் கேட்டேன். மொதல்ல நம்ம தமிழ்க்கார மளிகைக்கட பாய் வாசிச்சாரு. அப்புறம் ரோட்டத் தாண்டிப் போயி இன்னொருத்தர்கிட்டக் குடுத்தேன். பாய் என்ன வாசிச்சாருன்னு அவருகிட்ட சொல்லல." கொஞ்சம் மூச்சு விட்டாரு. "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. நீயும் சரியாத்தான் வாசிச்சிருக்க."

அப்புறம் கதவுப் பக்கம் திரும்பினாரு. இருவது வருஷத்துக்கு மேல பேசாத சிநேகிதர்கிட்ட அவரு பேசின மொதல் பேச்சு அது.

"அன்னிக்கும் ரெண்டாவதா ஒருத்தன்கிட்டக் குடுத்துக் கேட்டிருக்கலாம்டா. வாசிச்சது நீயாச்சேன்னு விட்டுட்டேன்."

பெரியவரு தலையக் குனிஞ்சு அழுதாரு. நான் எந்திரிச்சு செருப்ப மாட்டிக்கிட்டேன். இருந்து டீ குடிச்சுட்டுப் போம்மான்னு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா எனக்கு இன்னும் கேவலமா இருந்திருக்கும்.